இறங்கினால் ரோடு வரும்

அவளை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்லப்போகும் எதிலும் என் பக்கம் நியாயம் இருப்பதாக யாருக்கும் தோன்றிவிடக்கூடாது.

ஓமானில் ஒரு வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. லீவில் இலங்கைக்கு, எங்கள் ஊரான றொசல்லைக்கு வந்திருந்தேன். ஒரு நாள் சாயந்தரம், கீழ் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அவள் படியேறி வந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் நின்றாள். கொழுந்துக் கூடையைக்கூட வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை.

“அக்கா, என்னயும் அங்க சேத்து விடுங்களேன். ஒங்க மேடம்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. மலையில நின்னு நின்னு முதுகே போயிருச்சு.”

மலை என்றால் எங்களுக்குத் தேயிலை மலைதான். அவள் எட்டு வருடம் கொழுந்து எடுத்தவள். என்னை எங்கள் அம்மா ஒரு நாளும் மலைக்கு அனுப்பவில்லை. நான் ஹட்டனுக்குப் பஸ்ஸில் போய் ஓ.எல். பரீட்சை வரை படித்தேன், பிறகு கொழும்பில் கார்மெண்ட்ஸ், அதற்குப் பிறகு வெளிநாடு. இந்த வித்தியாசத்தை நான் வெளியில் சொன்னதும் இல்லை, உள்ளுக்குள் மறந்ததும் இல்லை. அவளுக்கு இருபத்தெட்டு வயது, கலியாணமாகி இரண்டு பையன்கள். எனக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, கலியாணம் கட்டவில்லை. தங்கச்சிமாரைக் கரையேற்றி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது என் காலம் போயிருந்தது.

அந்த நேரத்தில் ஓமான் வீட்டில் முதலாளியின் தாயார் படுத்த படுக்கையாகிவிட்டார். இன்னொரு பெண் வேண்டும் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். நம்ம தோட்டத்துப் பிள்ளை, பேச்சுத்துணைக்கு ஆகும் என்று நானும் நல்ல பிள்ளையாக இவளைச் சொன்னேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை. மூன்று மாதக் குழந்தையாக என் கையில் கொடுத்தார்கள். முதல் பல் முளைத்ததை மேடத்துக்கு முன்பே பார்த்தவள் நான். என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். நான் என்ன ஜாடை காட்டினாலும் புரிந்துகொள்வாள். எனக்கும் ஒரு ஆள் இருக்கிறது என்று அந்த வீட்டில்தான் நினைத்தேன். அது யார் பெற்ற பிள்ளை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் நினைத்தேன்.

ஊரிலிருந்து வந்த முதல் மாதம் இவளுக்கு அரபு ஒரு வார்த்தை தெரியாது. அடுப்புப் பற்றவைப்பதிலிருந்து எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் மாதம் குழந்தை அவளோடு வாசலில் கல் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. ஆறாம் மாதம் குளிக்க வைக்க அவள்தான் வேண்டும் என்று அடம். நான் குளிக்க வைத்தால் கண்ணில் சோப்பு போகிறதாம். நாலு வருடம் போகாத சோப்பு அன்றைக்குத்தான் போயிற்று.

எனக்கு எரிந்தது. நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தைகள் இருக்கின்றன, ஆனால் எரிச்சல்தான். அவள் தரை துடைத்த இடத்தை நான் மறுபடி துடைப்பேன். அவள் போட்ட தேத்தண்ணீரில் சாயம் போதாது என்பேன். அவள் ஒன்றுக்கும் எதிர்த்துப் பேச மாட்டாள். “சரி அக்கா, சரி அக்கா” என்பாள். அது இன்னும் எரியும்.

இப்படியே இரண்டு வருடம் போனது. முதலாளியின் தாயார் இறந்துபோனார். துக்கமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் மேடம் தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்ததைச் சமையலறையிலிருந்து கேட்டேன். “இனி இரண்டு பேர் எதற்கு? குளிர்காலம் முடிந்ததும் ஒருத்தியை அனுப்பிவிட வேண்டும். யாரை என்றுதான் இன்னும் யோசிக்கவில்லை.”

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆறு வருடம் வேலை செய்தவள் நான். ஆனால் யோசிக்கவில்லை என்றுதான் அந்த அம்மாள் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை யாரிடம் ஒட்டுகிறதோ அவளைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. குழந்தை எங்கே ஒட்டிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில்தான் பாலைவனத்துக்குப் போனோம்.

நுவரெலியாவுக்கு ஏப்ரல் மாதம் கொழும்புக்காரர்கள் வந்து, ஏரிக்கரையில் குதிரை ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதைப் போல, அந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் குடும்பத்தோடு மணலுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவார்கள். முதலாளியும் அவருடைய தம்பி குடும்பமுமாக மூன்று வண்டி. தார் ரோடு முடிந்த இடத்தில் நிறுத்தி டயர்களில் காற்றைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஏற்றமும் இறக்கமும்தான். ஒரு மரம் இல்லை, ஒரு கம்பம் இல்லை. செம்பட்டை நிறத்தில் மணல் மேடு, அதற்குப் பின்னால் இன்னொரு மேடு. எங்கள் ஊர் மலைகளின் தேயிலையை எல்லாம் ஒரே ராத்திரியில் யாரோ வழித்தெடுத்துவிட்டது போல இருந்தது.

இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் கூடாரம் அடித்தார்கள். ஆண்கள் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதே இவள் கரி அள்ளக் கொண்டுவந்திருந்த சிறு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், கூடாரத்தைச் சுற்றிக் கான் வெட்டத் தொடங்கிவிட்டாள். மழைத்தண்ணீர் ஓட எங்கள் தோட்டத்தில் லயத்தைச் சுற்றி வெட்டியிருப்பார்களே, அந்தக் கான். மழையே பெய்யாத இடத்தில், வெட்ட வெட்ட மணல் சரிந்து மூட, இவள் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருக்கிறாள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, என்ன செய்கிறாள் என்று கேட்டார்.

அவளைக் கொஞ்சம் தாழ்த்திக் காட்ட நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்தேன். “தோட்டத்தில் கூலி வேலை செய்தவள் பாபா, அந்தப் பழக்கம் போகவில்லை” என்று அரபில் சொன்னேன். அவர் கெக்கெக்கே என்று சிரித்தார். தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார், தம்பி தன் மனைவிக்குச் சொன்னார். கடைசியில் எல்லோரும் அவளைச் சுற்றி நின்று, கான் இந்தப் பக்கம் திரும்பட்டும், அந்தப் பக்கம் திரும்பட்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு அவளோடு தோண்டத் தொடங்கின. நான் அடுப்படியில் தனியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்வதற்கு முன்னால் பிள்ளைகள் பெரிய மேட்டில் ஏறப் போயின. எங்கள் குழந்தை பாதி தூரம் ஏறிவிட்டுக் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துகொண்டது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் ஏற முடியவில்லை. ஒரு அடி வைத்தால் முக்கால் அடி கீழே வருகிறது. மூச்சு வாங்கி நான் நின்றுவிட்டேன்.

அவள் கீழேயிருந்து ஒரு படுக்கை விரிப்போடு வந்தாள். விரிப்பின் இரண்டு முனைகளையும் முடிந்து, குழந்தையை முதுகுப் பக்கம் அதில் உட்கார வைத்து, முடிச்சுப் பட்டையைத் தலை உச்சியில் மாட்டிக்கொண்டாள். கொழுந்துக் கூடையின் கயிற்றை மாட்டுவதுபோலவே. இருபது கிலோ கொழுந்தைச் சுமந்து, எடை போடும் நிறுவைக்கு ஏறி இறங்கிய தலை அது. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கால் வைத்து, நிற்காமல் உச்சி வரைக்கும் போய்விட்டாள். குழந்தை மேலேயிருந்து கத்தியது: “இன்னொரு தடவை! இன்னொரு தடவை!”

ஐந்து தடவை ஏறினாள். மேடம் போனில் படம் எடுத்தார். நான் மலைக்குப் போகாததைப் பெருமையாக நினைத்து வாழ்ந்தவள். அன்றைக்கு முதல் தடவையாக, ஒரு வருடமாவது கொழுந்து எடுத்திருக்கலாமே என்று ஆத்திரமாக வந்தது.

ராத்திரி பெண்கள் கூடாரத்தில் குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்தது. வழக்கம்போல என் பக்கம் திரும்பும் என்று காதிலிருந்த தோட்டைக் கழற்றி வைத்திருந்தேன். அது அந்தப் பக்கம் திரும்பி அவள் காதைப் பிடித்துக்கொண்டது. இரண்டே நிமிடத்தில் தூங்கிப்போனது. அவளும்தான். நான் தூங்கவில்லை.

விடியற்காலையில் ஆண்கள் எழுந்து தொழுதுவிட்டு மறுபடி படுத்துவிட்டார்கள். வெளியே சாம்பல் நிறத்தில் வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. நான் குழந்தையை மெதுவாக எழுப்பி, சூரியன் வருவதைப் பார்க்கப் போகலாம், நீயும் நானும் மட்டும், என்று காதில் சொன்னேன். அது கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தது. அவளை எழுப்பட்டுமா என்று கேட்டது. வேண்டாம், அவள் தூங்கட்டும் என்றேன்.

மேடத்திடம் கேட்கவில்லை. தண்ணீர் எடுக்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்பதுதான் கணக்கு. அந்த அரை மணி நேரமாவது குழந்தை எனக்கு மட்டும் வேண்டியிருந்தது.

நேற்று அவள் ஏறிய மேடு எனக்கு வேண்டாம். அதற்கு அடுத்ததில் ஏறலாம் என்றேன். அங்கே போனால், அதற்கும் அடுத்தது இன்னும் உயரமாக, இன்னும் அழகாகத் தெரிந்தது. குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. சூரியன் வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அது என் மடியில் சாய்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால், அந்தப் பத்து நிமிடம் எனக்கு நிறைவாக இருந்தது.

திரும்பலாம் என்று எழுந்தபோது வந்த வழி தெரியவில்லை. காற்று ராத்திரியிலிருந்தே வீசிக்கொண்டிருந்தது. மேட்டில் பதிந்த எங்கள் காலடிகளைப் பாதி மூடிவிட்டது. பள்ளத்தில் தரை இறுகிக் கிடந்தது, அங்கே தடமே விழவில்லை.

எங்கள் ஊரில் பனிமூட்டத்தில் வழி தப்பினால் யாரும் பயப்பட மாட்டார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கீழே இறங்கு. எந்த மலையிலிருந்து இறங்கினாலும் ஒரு கான் வரும். கானோடு போனால் ஓடை, ஓடையோடு போனால் பாலம், பாலம் வந்தால் ரோடு வந்துவிட்டது. லயங்களும் பள்ளத்தில்தான் இருக்கும். நான் யோசிக்கவே இல்லை. என் கால் தானாக இறங்கியது. கூடாரமும் பள்ளத்தில்தானே இருந்தது?

இறங்கினேன். கீழே ஒன்றுமில்லை. அங்கிருந்து எந்தப் பக்கம் சாய்வாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போனேன். மறுபடி ஒரு பள்ளம், மறுபடி ஒன்றுமில்லை. அந்த மண்ணில் பள்ளம் எந்த ஊருக்கும் போவதில்லை. அது பள்ளமாகவே முடிந்துவிடுகிறது. மேலே ஏறி நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற என்னால் முடியவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியது. குழந்தை தண்ணீர் கேட்டது. இதோ வந்துவிட்டோம் என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டது. உதடு காய்ந்திருந்தது. அதற்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, அவள் வந்திருந்தால் என்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள், அவளைக் கூப்பிடு, அவளைக் கூப்பிடு என்றது.

நான் அதன் கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பயத்தில் பாதி, பொறாமையில் பாதி. எந்தப் பாதி பெரியது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

“ஓ… ஓ… ஓய்…”

மூட்டம் இறங்கிய மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் தேடிக் குரல் கொடுப்பார்களே, அந்தக் குரல். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வயிற்றிலிருந்து ஒரே இழுவை, எதிர் மலை வரைக்கும் போகும். அவள்தான். எங்கேயோ ஒரு உச்சியில் நின்றுகொண்டு கூப்பிடுகிறாள்.

குழந்தைக்கும் கேட்டுவிட்டது. முகம் மலர்ந்து, பதில் கொடுக்க வாயைத் திறந்தது.

நான் அதன் வாயைப் பொத்தினேன்.

எதற்காக என்று கேட்டால் சொல்கிறேன். வேறு யார் வந்து கண்டுபிடித்தாலும் பரவாயில்லை, அவள் மட்டும் வரக்கூடாது. முதலாளி வந்து திட்டட்டும், போலீஸ் வரட்டும், நானே வழி கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் வந்து குழந்தையை முதுகில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்து போவதா? இதெல்லாம் என் மனதில் வார்த்தையாக ஓடவில்லை. கைதான் முந்திக்கொண்டது. தண்ணீர் கேட்டு அழுத பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு நான் மணலில் குந்தியிருந்தேன். என் உள்ளங்கையில் அதன் மூச்சு சுட்டது.

இரண்டாவது குரல் வந்தது. முதலில் வந்ததைவிடத் தூரத்தில். அவள் வேறு பக்கம் போகத் தொடங்கிவிட்டாள்.

குழந்தை என்னைப் பார்த்தது. முரண்டு பிடிக்கவில்லை, கடிக்கவில்லை, கண்ணை அகல விரித்துப் பார்த்தது. நான் கையை எடுத்தேன். எடுத்துவிட்டு, நானே கத்தினேன். எனக்கு அந்தக் குரல் வரவில்லை. தொண்டையிலிருந்து ஏதோ கீச்சுச் சத்தம்தான் வந்தது. இருந்தாலும் அவளுக்குக் கேட்டுவிட்டது.

மேட்டின் மேல் சின்னதாகத் தெரிந்தாள். ஓடி இறங்கி வந்தாள். இடுப்பில் தண்ணீர் போத்தல் செருகியிருந்தது. குழந்தைக்கு ஒவ்வொரு வாயாகக் கொடுத்தாள். பிறகு எனக்கு நீட்டினாள்.

“எந்திரிச்சுப் பாத்தா ரெண்டு பேரையும் காணோம். யாரயும் எழுப்பல அக்கா. எழுப்புனா ஒங்களுக்குத்தான் ஏச்சு விழும்னு நானே வந்தேன். நீங்க பள்ளத்துலதான் எறங்கியிருப்பீங்கன்னு நெனச்சேன். நானா இருந்தாலும் எறங்கித்தான் போயிருப்பேன்.”

விரிப்பைக் கொண்டுவந்திருந்தாள். குழந்தையை முதுகில் கட்டி, பட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டாள். நான் பின்னால் நடந்தேன். வழியில் குழந்தை அவள் காதருகே ஏதோ சொன்னது. அவள் நின்று, பாரம் சுமந்த தலையை மெல்லத் திருப்பி, என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. பிறகு நடந்தாள். கூடாரத்துக்குப் போய்ச் சேரும்போது குழந்தை தூங்கியிருந்தது.

அங்கே எல்லோரும் எழுந்துவிட்டிருந்தார்கள். ஒரு வண்டி எங்களைத் தேடிக் கிளம்பத் தயாராக நின்றது. மேடம் ஓடிவந்து குழந்தையை அவள் முதுகிலிருந்து பறித்துக்கொண்டார்.

“யார் கூட்டிக்கொண்டு போனது? யாரைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனீர்கள்?”

நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன் என்று நம்புகிறேன்.

“நான்,” என்றாள் அவள், தனக்குத் தெரிந்த அரைகுறை அரபில். “நான். சூரியன் பார்க்க. அக்கா தேடி வந்தது.”

மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலையை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, வீட்டுக்குப் போனதும் முடிவு தெரிந்தது. அடுத்த மாதம் டிக்கெட். அவளுக்கு.

நான் அப்போதும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். ஒரு மாதத்தில் முப்பது நாள் இருந்தது.

போகிற அன்று அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

“ஏன் புள்ள அப்புடி சொன்ன?”

“எனக்கு வீட்டுல ரெண்டு இருக்குதுங்க அக்கா,” என்றாள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒங்களுக்கு இவ மட்டுந்தானே.”

ஒரு நல்ல மனுஷியாக இருந்திருந்தால் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாள் அவளிடம் இருந்ததையெல்லாம் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவளால் விட்டுக்கொடுக்க முடிகிறது என்பதையும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருந்தது. “பாஸ்போட்ட பத்திரமா வச்சுக்க” என்று மட்டும் சொன்னேன்.

அவள் இப்போது பழையபடி மலைக்குப் போகிறாள். நானும் ஊருக்குத் திரும்பிவிட்டேன். ரயில் நிலையத்துப் பக்கம் எதிர்ப்பட்டால், “அக்கா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன்.

அவள் போன பிறகு நான் அந்த வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். குழந்தை முழுக்க எனக்குத்தான். குளிக்க வைத்தேன், தலை வாரினேன், ஸ்கூலுக்கு அனுப்பினேன். அடம் பிடிக்கவில்லை, அவளைக் கேட்டு அழவும் இல்லை. அன்றைக்கு நடந்ததைத் தாயிடம் சொல்லவும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் வாய் துடைத்துவிட நான் கையைக் கொண்டுபோவேன். என் கை முகத்துக்குப் பக்கத்தில் வரும்போது, குழந்தை கண்ணை அகல விரித்து, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, நான் கையை எடுக்கும் வரைக்கும் மூச்சுவிடாமல் நிற்கும்.